வளைகாப்புக்கு வளர்த்த வெண்டைக்காய்

தாழைக்குளத்தின் மேற்குக் கரையில் செம்பாயி என்றொரு முயல் இருந்தாள். அவளுடைய வளைக்கு முன்னால் ஒரு காய்கறித் தோட்டம் இருந்தது. வெண்டை, வெள்ளரி, பீர்க்கு, முள்ளங்கி, கொத்தவரை எல்லாம் வரிசையாக நின்றன. வேலியோரத்தில் ஒரு பரங்கிக் கொடி தன் இஷ்டத்துக்குப் படர்ந்து கிடந்தது. குளத்து வண்டலைக் காலாலேயே தள்ளி வந்து அவளே போட்ட தோட்டம்!

செம்பாயிக்குக் காய் பறிக்கத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் கரையிலேயே அவளைப் போலப் பறிக்கத் தெரிந்தவர் கிடையாது. விடிந்ததும் செடி செடியாகப் போவாள். வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் தன் காதை வைத்து அளப்பாள். காது நீளம் வந்துவிட்டால் பறித்துவிடுவாள். வெள்ளரியில் பூ உதிர்ந்ததுமே நாட்களை எண்ண ஆரம்பிப்பாள். முள்ளங்கி மண்ணுக்கு மேலே கொஞ்சம் தோளைக் காட்டினால் போதும், பிடுங்கிவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரு முறை கோட்டை விட்டாள். மற்றவர்கள் தெரியாமல் கோட்டை விடுவார்கள். இவள் எல்லாம் தெரிந்துகொண்டே கோட்டை விட்டாள்!

நடந்தது இதுதான்.

செம்பாயி தன் மகள் பூவரசியை மேட்டுக்காட்டில் கட்டிக் கொடுத்திருந்தாள். பூவரசி உண்டாகியிருந்தாள். முயல்களுக்குப் பத்து மாதக் கணக்கெல்லாம் கிடையாது. முப்பதே நாள்! அதனால் அவர்களுக்கு ஏழாம் மாத வளைகாப்பும் கிடையாது. இருபத்தோராம் நாள் வளைகாப்புதான். அது தாய் வீட்டில் நடக்கும். மாப்பிள்ளை வீட்டார் வந்து, பெண்ணுக்கு அறுகம்புல் வளையல் போட்டு, விருந்து சாப்பிட்டு, அவளைப் பிரசவத்துக்கு அங்கேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

பூவரசிக்கு மசக்கை பொல்லாததாக இருந்தது. எதைத் தின்றாலும் குமட்டியது. அதனால் ஒன்பதாம் நாளே அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"வாடி என் தங்கம்!" என்று செம்பாயி ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். "என்ன இப்படித் துரும்பா இளைச்சுட்டே? உன் மாமியார் சாப்பாடு போடறதில்லையா?"

"அத்தை மேல ஒரு தப்பும் இல்லம்மா. எதுவும் உள்ளே இறங்க மாட்டேங்குது. இன்னும் பன்னெண்டு நாள்ல எல்லாரும் வளைகாப்புக்கு வர்றாங்க. அத்தை உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க."

"எத்தனை பேரு?"

"இருபது பேரு."

நாற்பது காதுகள்! செம்பாயிக்கு மூக்கு துடித்தது.

சம்பந்தியம்மா மாராத்தாவை நினைத்தாலே அவளுக்கு மூக்கு துடிக்கும். கல்யாணத்தின்போது மாராத்தா தன் வீட்டில் ஒன்பது வகைக் காய் வைத்து விருந்து போட்டாள். இலையில் இடம் போதாமல் காய்கள் வெளியே உருண்டன. அப்போது, "குளத்துக்கரையில என்னத்த விளையப் போகுது? கோரைதான் விளையும்!" என்று அவள் யாரிடமோ சொன்னது செம்பாயியின் காதில் விழுந்துவிட்டது. முயல் காதில் எதுதான் விழாது? அன்றைக்கு விழுந்தது இன்னும் உள்ளேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தது.

செம்பாயி தோட்டத்தைச் சுற்றி வந்தாள். வெண்டைக்காய்கள் காது நீளத்தில் பளபளவென்று நின்றன. வெள்ளரிப் பிஞ்சுகள் மேலெல்லாம் பூனைமுடியோடு இலைக்கடியில் ஒளிந்திருந்தன. பீர்க்கங்காய்கள் ஒரு முழம்கூட வரவில்லை. எல்லாமே இன்றைக்கோ நாளைக்கோ பறிக்க வேண்டியவை.

"இப்பவே இவ்வளவு அழகா இருக்கே! இன்னும் பன்னெண்டு நாள் விட்டா எவ்வளவு பெரிசாகும்!" என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "ஒவ்வொரு காயும் மாராத்தா காதை விட நீளமா இருக்கணும். இலையில வச்சதும் அவ கண்ணு வெளியே வந்து விழணும்!"

பாவம், அந்த நிமிடத்தில்தான் அவளுக்குப் புத்தி தடம் மாறியது.

தாழைக்குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. செடிக்கு ஒரு காயை விதைக்கென்று விட்டுவிடுவார்கள். எந்தக் காய் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதனால் அதன் காம்பில் கற்றாழை நார் கட்டி வைப்பார்கள். நார் கட்டிய காயை யாரும் தொட மாட்டார்கள். பசியோடு வருகிற குரங்குகூட நாரைக் கண்டால் கையை மடக்கிக்கொண்டு போய்விடும். கட்டியவர் அவிழ்க்கிற வரை அது கொடியிலேயே கிடக்கும்.

செம்பாயி வாய் நிறைய நாரைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தாள். ஒரு வெண்டைக்காயில் கட்டினாள். அடுத்ததில் கட்டினாள். அதற்கடுத்ததிலும் கட்டினாள். வெள்ளரி, பீர்க்கு, கொத்தவரை, ஒன்றையும் விடவில்லை. முள்ளங்கி இலையிலும் கட்டினாள். பரங்கிக்காயிலும் ஒரு முடிச்சு போட்டாள்.

பூவரசி வாசலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, விதைக்குச் செடிக்கு ஒரு காய்தானே விடுவாங்க? நீ எல்லாத்துக்கும் கட்டுறியே!"

"இது விதைக்கு இல்லடி. உன் வளைகாப்புக்கு!"

மறுநாள் காலையில் பூவரசி எழுந்ததும் சொன்னாள். "அம்மா, எனக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சு குடு. அதை நெனைச்சா மட்டும்தான் குமட்டாம இருக்கு."

செம்பாயிக்கு மனம் இளகியது. ஆனால் நாரைப் பார்த்ததும் மறுபடி இறுகியது. "கண்ணு, அது விருந்துக்கு வச்சிருக்கேன். இன்னும் பதினோரு நாள் பொறுத்துக்கோ. அப்புறம் நீ திங்கத் திங்கத் தர்றேன். இப்ப இந்த உலர்ந்த புல்லைச் சாப்பிடு."

"ஒண்ணே ஒண்ணும்மா!"

"ஒண்ணு பறிச்சா இலையில ஒண்ணு குறையும். உனக்காகத்தானடி அம்மா இவ்வளவும் பண்றேன்?"

அவள் சொன்னது பொய்யில்லை. மகள் மேல் கொள்ளை ஆசைதான். அந்த ஆசையை எல்லாம் ஒரே நாளில் இலை போட்டுக் காட்ட வேண்டும் என்று நினைத்தாள். அதுதான் வினை.

கிழக்குப் பக்கத்து வேலிக்கு அந்தப்புறம் முள்ளாண்டி என்ற முள்ளம்பன்றி தோட்டம் போட்டிருந்தான். அவன் எதையும் ஒரு நாள்கூட விட்டு வைக்க மாட்டான். விடிந்ததும் பறிப்பான், அங்கேயே உட்கார்ந்து தின்பான். வெண்டைக்கும் வெள்ளரிக்கும் அது நல்லதாகவே போயிற்று. பரங்கிக்குத்தான் ஒத்துவரவில்லை. பிஞ்சு பச்சையாக இருக்கும்போதே அறுத்து வந்து மழைக்கு என்று வளையில் பதுக்குவான். நாலாம் நாள் அது அழுகி நாறும். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே உருட்டுவான். வருஷா வருஷம் இதே கூத்து!

அன்று வேலிக்கு மேலாகப் பூவரசியைப் பார்த்தான். "என்ன மருமகளே, வாட்டமா இருக்கே? இந்தா, வெள்ளரி இப்பத்தான் பறிச்சேன். தின்னு!"

பூவரசி ஆசையோடு மூக்கை நீட்டினாள். அதற்குள் செம்பாயி பாய்ந்து வந்துவிட்டாள்.

"வேணாம் தம்பி! இவ்வளவு பெரிய தோட்டத்தை வச்சுக்கிட்டு, என் பொண்ணு பக்கத்து வீட்டுல வாங்கித் தின்னான்னு மேட்டுக்காட்டுக்குத் தெரிஞ்சா என் மானம் போயிடும்!"

"மேட்டுக்காட்டுக்கு யாருக்கா போய்ச் சொல்லப் போறா? உங்க தோட்டத்துலயே பறிச்சுக் குடுங்களேன். வெண்டையெல்லாம் நேத்தே பறிச்சிருக்கணுமே! ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

"விருந்துக்குப் பெரிசாகட்டும்னுதான்!"

"அக்கா, செடிக்கு என்ன தெரியும்? காய் முத்துனா, விதை விழப்போகுது, நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அது பூக்கிறதையே நிறுத்திடும். எனக்கு இதைச் சொல்லிக் குடுத்ததே நீங்கதான்!"

செம்பாயிக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதைக் கொண்டே அவளை மடக்குகிறானே! கோபம் வந்தது.

"பரங்கிப் பிஞ்சை அழுக வச்சு ஊரையே நாற வைக்கிறவன் எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டியா? நீ வாயைக் கட்டத் தெரியாதவன். கண்ணுல பட்டதை அன்னைக்கே முழுங்குவே. நான் அப்படியில்ல. எனக்குப் பொறுமை உண்டு!"

முள்ளாண்டி முதுகுமுள்ளைச் சொறிந்துகொண்டான். "பரங்கி விஷயத்துல நான் அவசரக்குடுக்கைதான். ஒத்துக்கறேன். மத்ததைப் பத்தித்தான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, நீட்டிய வெள்ளரியைத் தானே கடித்துக்கொண்டு போனான். கறுக், கறுக் என்று அந்தச் சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பூவரசி காது இரண்டையும் மடக்கிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாட்கள் ஓடின. காய்கள் வளர்ந்தன. வளர்ந்தன என்றால் சும்மா இல்லை! வெண்டைக்காய் ஒன்றரைக் காது நீளமானது. பீர்க்கங்காய் தரையைத் தொட்டது. வெள்ளரி பருத்து உருண்டது. தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எல்லாரும் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அடேயப்பா! இது வெண்டைக்காயா, என் கொம்பா?" என்றது ஒரு புள்ளிமான்.

"இந்தக் கரையிலேயே இப்படி ஒரு பீர்க்கங்காயைப் பார்த்ததில்லை!" என்றது ஒரு கொக்கு.

செம்பாயிக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொருவரையும் அழைத்துக்கொண்டு போய்ச் சுற்றிக் காட்டினாள். யாரையும் தொட விடவில்லை. அவளும் தொடவில்லை.

"அம்மா, செடியில பூவே இல்லையே" என்றாள் பூவரசி ஒரு நாள்.

"பூ எதுக்குடி? அதான் காய் இருக்கே!"

பூவரசி தினமும் ஒரு பிஞ்சு கேட்பாள். உலர்ந்த புல்தான் வரும். அதில் இரண்டு வாய் தின்பாள். ஒரு வாயைத் துப்புவாள். வயிறு மட்டும் பெருத்து, மற்றதெல்லாம் வற்றிக்கொண்டே வந்தது. செம்பாயி அதைப் பார்க்காமல் இல்லை. பார்க்கும்போதெல்லாம், "இன்னும் அஞ்சு நாள்தான்", "இன்னும் மூணு நாள்தான்" என்று சொல்லிக்கொண்டாள்.

வளைகாப்பு நாளும் வந்தது. நாற்பது காதுகளும் மேட்டிலிருந்து இறங்கி வந்தன. முன்னால் மாராத்தா! கழுத்து நிறைய அறுகம்புல் வளையல்களைக் கோத்து மாட்டியிருந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க வாங்க!" என்று செம்பாயி வரவேற்றாள்.

மாராத்தாவின் கண் தோட்டத்தின் மேல்தான் போயிற்று. "இதெல்லாம் நீங்க போட்டதா?"

"ஏதோ, குளத்துக்கரையில விளையறது" என்றாள் செம்பாயி. சொல்லும்போதே உள்ளுக்குள் துள்ளிக் குதித்தாள்.

பூவரசியை நடுவில் உட்கார வைத்தார்கள். மாராத்தா முதல் வளையலை எடுத்து அவள் முன்னங்காலில் மாட்டினாள். வளையல் சரசரவென்று தோள் வரைக்கும் ஏறியது. இன்னொன்று மாட்டினாள். அதுவும் தோளுக்குப் போய் நின்றது.

மாராத்தாவின் முகம் சுருங்கியது.

விருந்துக்கு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். இருபது ஆவாரை இலைக் கொத்துகள் விரித்திருந்தன. செம்பாயி நாரை எல்லாம் அவிழ்த்தாள். வெண்டைக்காயைப் பறிக்கப் போனாள். காம்பு ஒடியவில்லை. இழுத்தாள். செடிதான் ஆடியது. கடைசியில் பல்லால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே, தூக்க முடியாத பரங்கியை விட்டுவிட்டு, மற்றதில் பெரிசு பெரிசாகப் பார்த்துப் பறித்து இலையில் அடுக்கினாள். ஒவ்வொரு இலையும் நிரம்பி வழிந்தது!

"ஆகா!" என்றார்கள் நாற்பது காதுகளின் சொந்தக்காரர்களும்.

மாராத்தா ஒரு வெண்டைக்காயை எடுத்தாள். வழக்கப்படி நுனியை ஒடித்துப் பார்த்தாள். நுனி வளைந்தது. இந்தப் பக்கம் வளைத்தாள், அந்தப் பக்கம் வளைத்தாள், ஒடிந்தபாடில்லை. நறுக்கென்று கடித்தாள்.

"ஐயோ, என் பல்லு!"

முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. முயலுக்கு முன்பல் போனால் என்ன இருக்கிறது?

அந்தப் பக்கம் ஒரு முயல் பீர்க்கங்காயைக் கடித்துவிட்டு வாயெல்லாம் நாராக உட்கார்ந்திருந்தது. வெள்ளரியைக் கடித்தவர் முகத்தைக் கோணிக்கொண்டார். அது பழுத்துப் புளித்திருந்தது. முள்ளங்கி உள்ளே பஞ்சாகிவிட்டிருந்தது. கொத்தவரையை மென்றவர் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மரியாதைக்காக மென்றுகொண்டே இருந்தார்.

"சம்பந்தி!" மாராத்தா எழுந்து நின்றாள். "இது விருந்தா, விறகா?"

செம்பாயி அவசரமாக வேறொரு காயை எடுத்து நீட்டினாள். மாராத்தா அதை ஒதுக்கித் தள்ளினாள்.

"விருந்து கிடக்கட்டும். நான் வேற ஒண்ணு கேக்கணும். என் மருமக எலும்பும் தோலுமா இருக்கா. வளையல் தோள் வரைக்கும் ஏறுது. ஊருக்குக் காட்டக் காய் வளர்த்தீங்களே, உங்க பொண்ணு வாய்க்கு என்ன குடுத்தீங்க? இவளை இங்க விட்டுட்டுப் போக மாட்டேன். இப்பவே கூட்டிட்டுப் போறேன். பிரசவம் எங்க வீட்டுலயே நடக்கட்டும்!"

எல்லாரும் திகைத்தார்கள். மேட்டுக்காட்டுக்கு ஏறுவது சும்மா இல்லை. பாறையும் முள்ளுமான வழி. இந்த உடம்போடு பூவரசி எப்படி ஏறுவாள்? மகளின் முதல் குட்டிகளை நக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று செம்பாயி எத்தனை நாளாக ஆசைப்பட்டிருந்தாள்!

"அது... அது விதை சரியில்ல சம்பந்தி. இந்த வருஷம் விதையே..." என்று அவள் இழுத்தாள்.

அப்போது பூவரசி மெதுவாக எழுந்தாள். "அத்தை, அம்மா மேல தப்பில்ல. அம்மா குடுத்துக்கிட்டேதான் இருந்தாங்க. எனக்குத்தான் எதுவும் இறங்கல."

செம்பாயி மகளைப் பார்த்தாள். ஒரு வெள்ளரிப் பிஞ்சுக்காகப் பன்னிரண்டு நாள் கெஞ்சியவள், இப்போது அம்மாவின் மானத்துக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். செம்பாயிக்கு நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. இனி என்ன மானம் வேண்டிக் கிடக்கிறது!

"பொய்! அவ சொல்றது பொய்!" என்று எல்லார் முன்னாலும் அவள் அழுதுவிட்டாள். "அவ தினமும் கேட்டா சம்பந்தி. ஒரே ஒரு வெள்ளரிப் பிஞ்சு கேட்டா. அது அப்ப கொடியில இருந்துச்சு. நான்தான் குடுக்கல. உங்க ஒன்பது வகைக்குப் போட்டியா இலை போடணும்னு எல்லாத்தையும் கட்டி வச்சேன். பறிக்க வேண்டிய நாள் எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சும் விட்டேன்!"

சொல்லிவிட்டு அவள் அங்கே நிற்கவில்லை. ஒரே தாவலில் கிழக்கு வேலிக்குப் போனாள்.

"முள்ளாண்டி! தம்பி! அன்னைக்கு நீ குடுத்தப்ப வேணாம்னேன். இன்னைக்கு நானே கேக்கறேன். ஒரு வெள்ளரிப் பிஞ்சு குடுப்பா!"

முள்ளாண்டி தலையைச் சொறிந்தான். "ஐயோ அக்கா, காலையிலயே பறிச்சு மொத்தத்தையும் தின்னுட்டேனே! என் புத்தி உங்களுக்குத் தெரியாதா?" பிறகு சட்டென்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டான். "ஆனா இருங்க. நாளைக்குப் பறிக்கலாம்னு இலைக்கடியில சிலது கிடக்கும். நான் தினமும் பறிக்கறதால கொடி காய்ச்சுக்கிட்டேதான் இருக்கு. வந்து தேடுங்க. தேடுறதுல உங்களை மிஞ்ச ஆளு ஏது?"

செம்பாயி இலைகளுக்குள் புகுந்தாள். மூக்கால் ஒவ்வொன்றாக விலக்கினாள். அங்கே, பூ இப்போதுதான் உதிர்ந்து, மேலெல்லாம் பூனைமுடியோடு, ஒரு பிஞ்சு! பக்கத்தில் இன்னொன்று! அதற்கப்பால் காது நீளத்தில் நாலைந்து வெண்டைக்காய்! இந்த முறை அவள் எதையும் விட்டு வைக்கவில்லை. வாயில் கவ்விக்கொண்டு ஓடி வந்தாள். விருந்தாளிகளைத் தாண்டினாள். மாராத்தாவையும் தாண்டினாள். நேராக மகள் முன்னால் போய் வைத்தாள்.

"தின்னுடி கண்ணு. அம்மாவை மன்னிச்சுக்கோ."

பூவரசி ஒரு கடி கடித்தாள். கறுக்! இன்னொரு கடி. கறுக்! எல்லாரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குமட்டவில்லை. முழுப் பிஞ்சையும் தின்று முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். பன்னிரண்டு நாளுக்குப் பிறகு அவள் காது இரண்டும் நிமிர்ந்து நின்றன.

மாராத்தா ஆடுகிற பல்லைத் தடவிக்கொண்டே அவளைப் பார்த்தாள். பிறகு செம்பாயியைப் பார்த்தாள். அவளுடைய உதடு துடித்தது. திட்டப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் அவள் கடகடவென்று சிரித்துவிட்டாள்!

"சம்பந்தி, நீங்க மறைக்காம சொன்னீங்க. நானும் சொல்லிடறேன். கல்யாணத்துல நான் வச்ச ஒன்பது வகையில ஆறு வகை முத்தல்!"

"என்னது!"

"உங்க கண்ணு விரியணும்னு ஒரு மாசமா பறிக்காம வச்சிருந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு மூணு நாள் தாடை வலி. உங்களுக்குத் தெரியலையா?"

செம்பாயி யோசித்துப் பார்த்தாள். "அன்னைக்கு எனக்கும் பல்லு கூசுச்சு சம்பந்தி. மரியாதைக்காகச் சொல்லல!"

நாற்பது காதுகளும் குலுங்கக் குலுங்கச் சிரித்தன. கொத்தவரையை மென்றுகொண்டிருந்தவர் அப்போதுதான் துணிந்து துப்பினார்.

"சரி, பொண்ணே சொல்லட்டும்" என்றாள் மாராத்தா. "என்கூட வர்றியா, இங்க இருக்கியா?"

"இங்கேயே இருக்கேன் அத்தை. இனிமே அம்மா குடுத்துடுவாங்க."

"சரிம்மா, இரு. ஆனா சம்பந்தி, இப்ப எங்க வயித்துக்கு என்ன வழி? மேட்டுலேர்ந்து இறங்கி வந்திருக்கோம்!"

செம்பாயி தோட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். முற்றியதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது? வேலியோரத்துப் பரங்கிக்காய் கண்ணில் பட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். காம்பு காய்ந்து சுருங்கியிருந்தது. நகத்தால் அழுத்தினாள். தோலில் கீறல் விழவில்லை. தட்டினாள். 'தொம்' என்றது.

"இது சரியா இன்னைக்குத்தான் பறிக்கணும்!" என்று கூவினாள். "கொடியிலயே இருந்து நல்லா விளையறது இது ஒண்ணுதான்!"

எல்லாருமாகச் சேர்ந்து பரங்கியை உருட்டி வந்தார்கள். பிளந்தால் உள்ளே மஞ்சள் வெயில் போலச் சதை! இருபது இலைக்கும் தாராளமாக வந்தது. முள்ளாண்டியையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முள்ளுக்குப் பயந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள். அவன் ஒரு துண்டைக் கடித்ததும் கண்ணை அகல விரித்தான்.

"அக்கா! பரங்கிக்காய் இவ்வளவு இனிக்குமா? நான் இத்தனை வருஷமா என்னத்தைத் தின்னேன்?"

"நீ எங்கே தின்னே? அழுக வச்சு உருட்டித்தானே விட்டே!" என்றாள் செம்பாயி. "காம்பு காயற வரைக்கும் கையை வைக்காதே. கை அரிச்சா வெண்டையைப் பறி!"

விருந்து முடிந்து மேட்டுக்காட்டார் கிளம்பினார்கள். போகும்போது மாராத்தா முற்றிய பீர்க்கங்காயில் இரண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். குளத்தில் முதுகு தேய்த்துக் குளிக்க நன்றாக இருக்குமாம்.

மறுநாள் காலையில் செம்பாயி செடியில் மீதியிருந்த முற்றிய காய்களை எல்லாம் அறுத்துத் தள்ளினாள். செடிக்கு ஒன்றை மட்டும் விதைக்கு விட்டாள். பத்து நாளில் வெண்டை மறுபடி மஞ்சளாகப் பூத்தது. அதற்குள் பூவரசி அம்மாவின் வளையிலேயே நான்கு குட்டிகளைப் பெற்றெடுத்தாள். நான்கும் கொழுகொழுவென்று இருந்தன. செம்பாயி ஆசை தீர அவற்றை நக்கிச் சுத்தம் செய்தாள்.

அவற்றுக்குக் கண் திறந்த அன்றைக்கு, செம்பாயி விடிந்ததும் தோட்டத்துக்குப் போனாள். காது நீளத்தில் ஒரே ஒரு வெண்டைக்காய் இருந்தது. இன்னும் நாலைந்து சேரட்டுமே என்று மனம் ஒரு நொடி சபலப்பட்டது. ஒரு நொடிதான். பறித்துக்கொண்டு வந்து, பூவரசி கேட்பதற்கு முன்னாலேயே அவள் வாயில் வைத்தாள்.

காய்க்கும் அன்புக்கும் உரிய நாள் உண்டு. அன்றைக்கே எடுத்துக் கொடுக்காமல் பெருமைக்காகச் சேர்த்து வைத்தால் இரண்டுமே முற்றி வீணாகும்.